ஊற்றுக்கண் அடைபடாதிருக்கட்டும்



சென்ற ஐப்பசித் திங்களில் நம் தமிழ்மன்றத்தார் இருபத்திருவர் முத்தியால மடுவுக்குச் சுற்றுலாச் சென்று வந்தோம். கண்டோம், குளித்தோம், களித்தோம். திரும்பிய பின் கூடிய கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. அதை எதிர்த்துப் பேச எழுந்தவன் நான் ஒருவனே. பேச்சுப் பாதியில் இருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. தீர்மானம் பங்குனித் திங்களில் கூடும் கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. அன்று பாதியில் நின்ற பேச்சின் மறு பாதியே இக்கட்டுரை.

முத்தியால மடுவை அறியாத புதிய மாணவர்களுக்காகச் சில சொற்கள். பெங்களூருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஆனேக்கல் என்னும் ஊர் இருக்கிறது. அதற்கும் அப்பால் ஐந்து கிலோமீட்டர் சென்றால், பன்னேர்கட்டாக் காடுகளின் பக்கமாக ஒரு பள்ளத்தாக்கு. படிகளில் இறங்கிச் செல்ல வேண்டும். சிறியதொரு சிவன் கோயிலும் அங்கே உண்டு. உயர்ந்த பாறை முகட்டிலிருந்து நீர் விழுகிறது. முந்நூறடி என்று சுற்றுலா ஏடுகள் கூறும். விழும் நீர் பாறையில் பட்டுச் சிதறி முத்து முத்தாகத் தெறிப்பதால் அப்பெயர் வந்தது என்பார்கள். மடு என்னும் சொல் நமக்கும் கன்னடத்தாருக்கும் பொதுச் சொத்து. பெயரைக் கேட்டதுமே நம்மூர் இடம் போல மனம் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

இனித் தீர்மானத்துக்கு வருவோம். அது நான்கு கோரிக்கைகளைக் கொண்டது. ஒன்று, அருவியின் அடியில் குளிப்பதற்கு வசதியான தொட்டி கட்ட வேண்டும். இரண்டு, வண்டிகள் நிற்கும் இடத்தை விரிவாக்க வேண்டும். மூன்று, உணவுக் கடைகள் வரிசையாக அமைய வேண்டும். நான்கு, கோடையில் வருவோர் ஏமாறாதபடி ஆழ்துளைக் கிணறு தோண்டி, மோட்டார் வைத்து, நீரை மேலே ஏற்றி ஆண்டு முழுவதும் அருவியை ஓடச் செய்ய வேண்டும். இந்த நான்கையும் அரசுக்கு விண்ணப்பமாக அனுப்புவது என்பது திட்டம்.

தீர்மானத்தைக் கொணர்ந்த நண்பர் நல்லவர், என் அறைத்தோழரும்கூட. அவர் சொன்ன காரணங்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். "பணம் படைத்தவன் குடகுக்கும் உதகைக்கும் போகிறான். தொழிற்சாலையில் உழைக்கும் தமிழனும் கன்னடனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளோடு போய்வர இந்த ஒரு மடுதானே அருகில் இருக்கிறது? அவன் அங்கே போய் வறண்ட பாறையைப் பார்த்துத் திரும்ப வேண்டுமா?" என்று கேட்டார். மன்றம் கை தட்டியது. நானும் தட்டினேன். கேள்வி நியாயமானது. விடைதான் தவறு என்பது என் கட்சி.

நான் தென்காசிப் பக்கத்தான். சாரல் காலத்தில் குற்றாலத்தில் தலை நனைத்து வளர்ந்தவன். ஆனியும் ஆடியும் வந்தால் எங்கள் வீட்டுப் பேச்சே "அருவி விழுதா?" என்பதுதான். அருவி என்றால் அது தானாக விழும், எப்போதும் விழும், நம் வேலை நனைவது மட்டுமே என்று நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது முத்தியால மடுதான்.

தைத் திங்களில், பொங்கல் விடுமுறைக்கு ஊர் போகாமல் தங்கியவன், ஒரு நண்பனை அழைத்துக்கொண்டு மீண்டும் அங்கே சென்றேன். மழை நின்று ஆறு வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஐப்பசியில் இரைந்து விழுந்த இடத்தில் ஒரு நூல்தான் இருந்தது. பாறையின் பாசியைத் தடவிக்கொண்டு, ஓசை இல்லாமல் வழிந்து, கீழே ஒரு கல்லில் சொட்டிக்கொண்டிருந்தது. நண்பன், "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முகம் சுளித்தான். எனக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. வானில் மேகமில்லை, மண்ணில் ஈரமில்லை, இந்த நூல் எங்கிருந்து வருகிறது?

படியேறி வந்தபோது மேலே வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த முதியவளிடம் இதைக் கேட்டேன். தளிப் பக்கத்தவள், தமிழும் கன்னடமும் தெலுங்கும் அவள் நாவில் ஒன்றாகப் புரண்டன. அவள் சிரித்துவிட்டு, "தம்பி, மேலே கிணத்துல தண்ணி இருந்தா, கீழே அருவி இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். நூலகத்தில் நான் பிறகு படித்த பக்கங்களெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரையாகவே தோன்றின.

ஐப்பசியில் நாம் கண்டது மழையின் அருவி. தையில் நான் கண்டது ஊற்றின் அருவி. மழையின் அருவி விருந்தாளி, வந்து போகும். ஊற்றின் அருவியே வீட்டுக்காரி.

ஊற்று என்பது என்ன? லால்பாக்கில் நாம் மாலையில் ஏறி அமரும் பாறையை நினைத்துப் பாருங்கள். அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் என்று நிலநூலார் கூறுகின்றனர். தேசிய நிலவியல் சின்னம் என்று அங்கே கல்வெட்டும் உண்டு. இந்த வட்டாரத்தின் அடித்தளமே அத்தகைய கடும்பாறைதான். கடும்பாறைக்குள் நீர் புகாது. ஆனால் பாறையின் மேற்பகுதி கோடிக்கணக்கான ஆண்டு வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து மண்ணும் மணலும் சரளையுமாகக் கிடக்கிறது. அதன் கீழே வெடிப்புகளும் கீறல்களும் ஓடுகின்றன. பெய்யும் மழையில் பெரும்பகுதி ஓடிவிடும். மரமும் வெயிலும் குடித்துவிடும். பத்தில் ஒரு பங்கு அளவே கீழே இறங்கி அந்த உதிர்மண்ணிலும் வெடிப்பிலும் தங்குகிறது. இந்நகரில் ஆண்டுக்குச் சராசரி 970 மில்லிமீட்டர் மழை என்றால், மண் சேமிக்கும் கூலி அந்தச் சிறு பங்குதான். அச்சேமிப்பின் மட்டம் உயர்ந்து நிற்கும்போது, பள்ளத்தாக்கின் பாறை வெட்டப்பட்ட இடத்தில் நீர் கசிந்து வெளிப்படுகிறது. அதுவே ஊற்றுக்கண். மட்டம் ஒரு முழம் தாழ்ந்தால் ஊற்று மெலியும். இரண்டு முழம் தாழ்ந்தால் அடைபடும். மேலே காடு இருந்தால் இலைச்சருகு மழையைத் தடுத்து நிறுத்தி மெல்ல உள்ளே விடுகிறது. காடு போனால் நீர் அன்றே ஓடி அன்றே தீர்கிறது.

இப்போது நான்காம் கோரிக்கையை மீண்டும் படியுங்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டி அருவியை ஓடச் செய்வதாம்! எந்த நீர் தானாகக் கசிந்து அருவியாகிறதோ, அந்த நீரையே துளையிட்டு உறிஞ்சி, மின்சாரம் செலவழித்து மேலே ஏற்றி, கீழே கொட்டுவோம். கொட்டிவிட்டு அருவியைக் காத்தோம் என்று மார்தட்டுவோம். தாயின் பாலைக் கறந்து புட்டியில் ஊற்றி, இதோ குழந்தைக்குப் பால் தந்தோம் என்று சொல்வது போன்றது இது.

"ஒரு கிணறு என்ன செய்துவிடும்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஒரு கிணறு ஒன்றும் செய்யாதிருக்கலாம். ஆனால் யாரும் ஒரு கிணற்றோடு நிறுத்தியதில்லை. அர்க்காவதியின் கதை நமக்குத் தெரிய வேண்டும். நந்தி மலையில் பிறந்து, இந்நகரின் மேற்குப் புறமாக இறங்கி, கனகபுரத்துக்கு அப்பால் சங்கமத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. அதன் குறுக்கே திப்பகொண்டனஹள்ளியில் 1930களில் அணை கட்டினார்கள். பெங்களூரின் பாதித் தாகத்தைத் தீர்த்த அணை என்று முதியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 2012இல் அங்கிருந்து குடிநீர் எடுப்பது நின்றுபோயிற்று. ஆறு ஏன் வற்றியது? மழை பொய்த்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 2015இல் இந்நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மழை பெரிதாகக் குறையவில்லை. நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததும், தைலமரத் தோப்புகள் பெருகியதுமே முதன்மைக் காரணங்கள் என்று அது காட்டியது. 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை விதித்தது. ஓர் ஆற்றையே அடைத்த கை, ஓர் அருவியை விட்டுவைக்குமா?

அவ்வளவு தொலைவு போவானேன்? 2024 மார்ச்சில் நம் விடுதி வாசலில் நாமே வாளியோடு வரிசையில் நிற்கவில்லையா? லாரி எப்போது வரும் என்று தேர்வுத்தாளை விடக் கவலையோடு எதிர்நோக்கவில்லையா? நகரில் இருந்த சுமார் 14,000 பொது ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ பாதி வறண்டுவிட்டன என்று அரசே அன்று அறிவித்தது. இன்று நாம் குடிக்கும் காவிரி நீர் எப்படி வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். தொரேகாடனஹள்ளியில் எடுத்து, மூன்று இடங்களில் நிறுத்தி நிறுத்தி ஏற்றி, 100 கிலோமீட்டர் தொலைவும் 500 மீட்டர் உயரமும் கடத்திக் கொண்டுவருகிறார்கள். 1974இல் முதற்கட்டம் தொடங்கியது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் திறக்கப்பட்டது. தன் காலடியில் ஊறிய நீரை அழித்துவிட்டு, மலையேற்றி நீர் கொணரும் நகரம் இது. அந்த நகரத்தின் பழக்கத்தையே காட்டுக்குள்ளும் கொண்டுபோக வேண்டுமா?

நகரிலும் ஊற்றுகள் இருந்தன. பசவனகுடிக் குன்றில் நந்தியின் அடியில் பிறந்ததாகச் சொல்லப்படும் விருஷபாவதி இன்று கழிவுநீரைச் சுமக்கிறது. மல்லேசுவரத்தில் நந்தி தீர்த்தத்தைப் பார்த்திருப்பீர்கள். நந்தியின் வாயிலிருந்து ஊற்றுநீர் ஓயாமல் இலிங்கத்தின் மீது விழுகிறது. நெடுங்காலம் மண்ணால் மூடிக் கிடந்த அவ்விடத்தைச் சென்ற நூற்றாண்டின் இறுதியில்தான் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார்கள். எதிரெதிரான இரண்டு பாடங்கள் இவை. மனிதன் மறந்தால் ஆறும் சாக்கடையாகும். மனம் வைத்தால் மூடிய ஊற்றும் மீண்டும் வாய் திறக்கும்.

"காடு அரசின் பாதுகாப்பில் இருக்கிறது, நாம் ஏன் அஞ்ச வேண்டும்?" என்று கேட்கலாம். பன்னேர்கட்டாவைத் தேசியப் பூங்கா என்று 1974இல் அறிவித்தார்கள். பின்னர் பரப்பைக் கூட்டி 260 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். பாராட்டுவோம். தெற்கே காவிரி வனவிலங்குச் சரணாலயத்தோடும், தளி, ஒசூர்க் காடுகளோடும் அது தொடர்புடையது. யானைக்கு மாநில எல்லை தெரியாது, நீருக்கும் தெரியாது. ஆனால் பூங்காவின் வேலியோடு நீரின் வீடு முடிந்துவிடுவதில்லை. வேலிக்கு வெளியே கல் உடைத்தால் பாறை வெடிப்பு மாறும். வெளியே ஆயிரம் அடி துளைத்தால் உள்ளே மட்டம் தாழும். அதனால்தான் பூங்காவைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் ஒன்றை வகுப்பது வழக்கம். அங்கே கல்குவாரிக்குத் தடை, பெருங்கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு. 2016இல் வெளியான வரைவில் அம்மண்டலம் ஏறத்தாழ 269 சதுர கிலோமீட்டர். 2020இல் வந்த இறுதி அறிவிக்கையிலோ அது 168.84 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் தாளிலிருந்து மறைந்தது. சில இடங்களில் மண்டலத்தின் அகலம் 100 மீட்டர்தான். நம் கல்லூரி விளையாட்டுத் திடலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடும் தூரம்! அந்தத் தூரத்தில் ஊற்றைக் காக்க முடியுமா? நாம் விண்ணப்பம் எழுதுவதானால் இதைப் பற்றியன்றோ எழுத வேண்டும்? குளிக்கும் தொட்டியைப் பற்றியா எழுதுவது?

நண்பர் குற்றாலத்தை எடுத்துக்காட்டினார். "உங்கள் ஊரில் கடையும் விடுதியும் இல்லையா? அருவி விழவில்லையா?" என்றார். விழுகிறது. ஏன் விழுகிறது? கடைத்தெருவால் அன்று, மேலே பொதிகைத் தொடரில் நின்ற காட்டால் விழுகிறது. அக்காட்டையும் சேர்த்து 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் என்று காப்பிட்டார்கள். அங்கேயும் ஆசைக்கு அளவில்லை. இயற்கை அருவியின் நீரை வழிதிருப்பித் தம் வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைத்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட வேண்டியிருந்தது. செயற்கை அருவி என்னும் எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு என் ஊரே சான்று. நண்பர் எடுத்த வாளை நான் அவரிடமே திருப்பித் தருகிறேன்.

அப்படியானால் உழைப்பாளிக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டாமா? வேண்டும். அவன் வரட்டும். பிள்ளைகளோடு வரட்டும். படியோரம் பிடித்து இறங்கக் கைப்பிடி இருக்கட்டும்; பெண்களுக்குத் துப்புரவான கழிப்பிடம் இருக்கட்டும்; ஆனேக்கலிலிருந்து பேருந்து கூடுதலாக ஓடட்டும். இவற்றை நானும் கேட்பேன். ஆனால் மாசியிலும் பங்குனியிலும் அருவி மெலியும் என்னும் உண்மையை அவன் பிள்ளையிடமிருந்து மோட்டார் வைத்து மறைக்க வேண்டாம். "மழை குறைந்தால் ஊற்று குறையும், காடு இருந்தால் ஊற்று இருக்கும்" என்று அந்த வறண்ட பாறை அப்பிள்ளைக்குச் சொல்லட்டும். பள்ளிக்கூடத்தில் அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நம்மீதும் குற்றம் உண்டு. ஐப்பசியில் நாம் கொண்டுபோன சித்ரான்னப் பொட்டலங்களின் நெகிழித்தாள் எங்கே போயிற்று? தையில் நான் போனபோது அவற்றில் சில பாறை இடுக்கில் இருந்தன. நம்முடையவை என்று எப்படித் தெரியும்? மன்ற விழாவுக்கு அச்சிட்ட துண்டுத்தாள் ஒன்று அவற்றோடு ஒட்டிக் கிடந்தது. முதியவள் பார்க்காதபடி அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நாணத்தால் என் முகம் சிவந்ததை நண்பன் மட்டும் கண்டான்.

குறிஞ்சிப்பாட்டைப் பாடமாகப் படிக்கிறோம். கபிலர் 99 மலர்களை அடுக்கினார் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அந்த மலர்களை அம்மகளிர் எப்போது கொய்தார்கள்? அருவியில் ஆடிய பிறகு, அந்த மலைச்சாரலிலேயே. கபிலர் அருவியை மட்டும் தனியே பெயர்த்தெடுத்துப் பாடவில்லை. அருவியோடு காடு முழுவதையும் பாடினார். நாமோ மலர்களின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்துகொண்டு, காட்டைக் கோட்டைவிடுகிறோம்.

ஆகவே, நண்பர்களே, பழைய தீர்மானத்துக்கு மாற்றாக நான் மூன்றை முன்வைக்கிறேன். முதலாவது, ஆழ்துளைக் கிணறும் குளிக்கும் தொட்டியும் கேட்பதைக் கைவிட்டு, பூங்காவைச் சுற்றிய காப்பு மண்டலத்தை 2016 வரைவின் அளவுக்கே மீட்டுத் தருமாறு மைய அரசுக்கும் மாநில அரசுக்கும் எழுதுவோம். தமிழில் மட்டுமன்றிக் கன்னடத்திலும் எழுதுவோம். கன்னட மாணவர் சங்கத்தாரின் கையெழுத்தையும் கேட்டுப் பெறுவோம். இரண்டாவது, இனி மன்றத்தின் எந்தச் சுற்றுலாவிலும் கொண்டுபோனது எல்லாம் திரும்ப வர வேண்டும். பொறுப்பாளர் எண்ணிப் பார்த்த பின்பே வண்டி புறப்பட வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உகந்தது. வனத்துறையின் இசைவு பெற்று, திங்கள்தோறும் நம்மில் இருவர் ஒரு குடமும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு அங்கே செல்வோம். ஒரு குடம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளப்போம். மேலேயுள்ள ஊர்க்கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று, உடையவரிடம் கேட்டுக்கொண்டு, கயிறு விட்டுப் பார்ப்போம். இரண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி மன்ற நூலகத்தில் வைப்போம். இதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம், பேருந்துக் கட்டணம் போதும். நாம் படித்து முடித்துப் போய்விடுவோம். பின்வரும் மாணவர்கள் எழுதுவார்கள். பத்தாண்டு கழித்து யாரேனும் ஒருவர், "இங்கே ஊற்றே இருந்ததில்லை" என்று சொல்லிக் கல் உடைக்க வந்தால், அந்தக் குறிப்பேடு எழுந்து பேசும்.

முதற்பக்கத்தை நான் தொடங்கிவிட்டேன். தைத் திங்களில் என் கையிலிருந்த ஒரு லிட்டர் புட்டி அந்த நூல்நீரில் நிறைய நாற்பத்தேழு நொடி ஆயிற்று. இரண்டாம் வரியை எழுத யார் வருகிறீர்கள்?

பங்குனிக் கூட்டத்தில் கை தூக்குமுன் அந்த நாற்பத்தேழு நொடியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதுவே நான் கேட்டுக்கொள்வது.